வயிற்றுக் குடிகளின் வழக்கு

(உழவர், ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் ஆகியோர் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரையின் வடிவம்.)



நோயைப் பற்றிப் பேசுவதற்குச் சட்டம் படித்தவனுக்கு என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. நோயை அறிவதும் மருந்து கொடுப்பதும் வைத்தியருக்கே உரிய தொழில். அத்தொழிலுக்குள் நான் புகப் போவதில்லை. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் எதை உண்ணுகின்றது, எந்த உணவு அதற்கு மலிவாகக் கிடைக்கின்றது, எந்தப் பயிருக்கு மானியம், எந்தப் பண்டத்துக்கு வரி என்பனவெல்லாம் வைத்தியசாலையிலே தீர்மானிக்கப்படுவன அல்ல. அவை மந்திரிசபையிலும் சந்தையிலும் தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானங்கள் நம் குடலுக்குள் சென்று என்ன செய்கின்றன என்பதை அறிவது குடிமக்களாகிய நமது கடமை. சாட்சியத்தை நிறுத்துப் பார்ப்பது என் தொழில். ஆகவே உடற்பருமன், குடல் அழற்சி நோய், குடலில் வாழும் பற்றீரியா ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு பற்றிக் கடந்த 20 ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்துள்ள சாட்சியங்களுள் முக்கியமானவற்றை உங்கள் முன் வைக்கின்றேன். எது நிறுவப்பட்டது, எது இன்னும் ஐயத்தின் மட்டில் நிற்கின்றது என்பதைப் பிரித்துக் கூறுவேன்.

இரண்டு நோய்கள்

உடற்பருமன் யாவரும் அறிந்தது. ஊதிய வயிறு செல்வத்தின் அடையாளம் என்று எண்ணிய காலம் போய்விட்டது. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் அது வாயிற்படி என்பதை இன்று பள்ளிப் பிள்ளையும் அறியும். குடல் அழற்சி நோயைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது ஒருவேளை உண்ட உணவு ஒவ்வாமையால் வரும் வயிற்றோட்டம் அன்று, ஆண்டுக்கணக்காக நீடிப்பது. அதில் இரு வகை உண்டு. பெருங்குடலின் உட்புறத் தோலில் புண் உண்டாக்குவது ஒன்று. இலண்டன் நகரத்து வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் 1859 ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். குடலின் எந்தப் பகுதியையும் தாக்கி, அதன் சுவர் முழுவதையும் ஊடுருவுவது மற்றையது. 1932 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த குறோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் அதனை எழுதி வெளியிட்டனர். இன்று அது குறோன் நோய் எனப்படுகின்றது. இரத்தம் கலந்த மலம், தீராத வயிற்றுவலி, காய்ச்சல், களைப்பு, ஈற்றிலே சத்திரசிகிச்சை. பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிவிடுகின்றது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனையும் புதிதாக மணமான பெண்ணையும் அது பிடித்துக்கொள்கின்றது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைப்பவர்களும் உளர்.

இது மேல்நாட்டார் நோய், நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வைத்தியசாலைப் பதிவுகளைக் கொண்டு செய்து 2010 இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 100,000 பேரில் ஏறக்குறைய 5 பேருக்குப் பெருங்குடற் புண்ணழற்சியும் ஒருவருக்குக் குறோன் நோயும் இருப்பதாகக் காட்டியது. தொகை சிறிது என்பது உண்மை. ஆனால் ஆசிய நாடுகள் பலவற்றிலே இந்நோய் ஏறுமுகமாக இருக்கின்றது.

மெலிந்து எலும்புந்தோலுமாக இருப்பவரே குடல் அழற்சி நோயாளி என்பது பழைய எண்ணம். மேல்நாடுகளிலே இன்று இந்நோயாளருள் நூற்றுக்கு 15 முதல் 40 வரையானோர் பருமனுற்றவர்கள். அமெரிக்காவிலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண் தாதியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு, பருமனுற்ற பெண்களுக்குக் குறோன் நோய் கூடுதலாக வந்ததைக் கண்டது. பெருங்குடற் புண்ணழற்சியில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. கொழுத்த உடலும் புண்பட்ட குடலும் ஏன் ஓரிடத்தில் சந்திக்கின்றன? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றவர்கள் குடலில் வாழும் குடிகளின் வாயிலில் வந்து நின்றார்கள்.

குடிகள் யார்?

நம் உடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016 ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். நம் உடலின் சொந்தக் கலங்களின் தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அவற்றுள் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் குடியிருக்கின்றன. கிருமி என்றவுடன் அஞ்சுகின்ற படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். உழவருக்கு வியப்பிருக்க நியாயமில்லை. பசு வைக்கோலைத் தின்கின்றது. வைக்கோலைச் சீரணிக்கும் சக்தி பசுவுக்கு இல்லை. அதன் வயிற்றினுள் இருக்கும் நுண்ணுயிர்களே வைக்கோலை உடைத்துப் பசுவுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. திடீரெனத் தீனியை மாற்றிச் சோறும் கஞ்சியும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் மாடு வயிறு ஊதிப் படுத்துவிடும். உள்ளே இருக்கும் குடிகளின் ஒழுங்கு குலைந்துவிட்டமையே காரணம்.

மனிதனுக்கும் அவ்வாறே. கீரையிலும் பயறிலும் தவிட்டிலும் கிழங்கிலும் உள்ள நார்ப்பொருளை நாம் சீரணிப்பதில்லை. அது பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள பற்றீரியாக்களுக்கு இரையாகின்றது. அவை அதனைப் புளிக்கச் செய்து பியூற்றிரேற்று முதலிய அமிலப் பொருள்களை வெளிவிடுகின்றன. பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு அந்தப் பியூற்றிரேற்றே முதன்மையான எரிபொருள். அழற்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. குடற் சுவருக்கும் இக்குடிகளுக்கும் நடுவே வழுவழுப்பான சளிப்படை ஒன்று வேலியாக நிற்கின்றது. வேலி உறுதியாக இருக்கும் வரை இரு பகுதியாருக்கும் சமாதானம். வேலி அரிக்கப்பட்டால் குடிகள் சுவரை நெருங்குவார்கள், உடலின் காவற்படை எழும், அதுவே அழற்சி.

முதலாவது விசாரணை: பருமன்

அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் பேராசிரியர் ஜெப்ரி கோர்டன் குழுவினர், பிறப்பிலிருந்தே எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு பரிசோதனை செய்தனர். அந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடற் பற்றீரியாவைக் கொடுத்தபோது, முன்னிலும் குறைவாகவே தின்ற எலிகளின் உடற்கொழுப்பு இரண்டு வாரங்களுக்குள் நூற்றுக்கு 60 வீதம் ஏறியது. இது 2004 இல். 2006 இல், பருத்த எலியின் பற்றீரியாவைப் பெற்ற எலி, மெலிந்த எலியின் பற்றீரியாவைப் பெற்ற எலியைக் காட்டிலும் கூடுதலாகக் கொழுத்தது. 2013 இல், ஒருத்தி பருத்தும் மற்றவள் மெலிந்தும் இருந்த நான்கு இரட்டைச் சகோதரிச் சோடிகளின் பற்றீரியாவை எலிகளுக்கு மாற்றினர். பருத்தவளின் குடிகளைப் பெற்ற எலி கொழுத்தது. மெலிந்தவளின் குடிகளைப் பெற்றது கொழுக்கவில்லை.

அதே பரிசோதனையின் இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். இரு வகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்பவை. மெலிந்த எலியின் குடிகள் மற்ற எலிக்குள்ளும் குடியேறி, அது கொழுப்பதைத் தடுத்தன. ஆனால் நார் நிறைந்த, கொழுப்புக் குறைந்த தீனி கொடுத்தபோது மட்டுமே இது நிகழ்ந்தது. கொழுப்பு மிகுந்து, காய்கறி குறைந்த அமெரிக்கத் தீனியைக் கொடுத்தபோது நல்ல குடிகளால் அங்கே காலூன்ற முடியவில்லை. தண்ணீர் பாயாத வயலிலே எத்துணை நல்ல விதைநெல்லை விதைத்தும் பயன் என்ன?

உழவர்களுக்குத் தெரிந்த மற்றொரு சாட்சியும் உண்டு. 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு தீனியிற் கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைவாகப் பெருப்பதைக் கண்டார்கள். அதன்பின் உலகெங்கும் பண்ணைகளிலே கோழியையும் பன்றியையும் பெருக்கச் செய்ய இம்மருந்துகள் கொட்டப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இவ்வழக்கத்தை முற்றாகத் தடைசெய்தது. குடற் குடிகளைக் குலைத்தால் உடல் எடை மாறும் என்பதைப் பண்ணைக்காரர், விஞ்ஞானிகள் காரணம் தேடுவதற்கு முன்பே கண்டிருந்தனர்.

இனிக் குறுக்கு விசாரணை. எலி மனிதன் அல்ல. பருத்தவர் குடலில் இன்ன இனம் மிகுதி, மெலிந்தவர் குடலில் இன்ன இனம் மிகுதி என்று தொடக்கத்திற் சொல்லப்பட்ட சூத்திரம், பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது உறுதியாக நிற்கவில்லை. மெலிந்தவரின் குடிகளைப் பருத்த மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் அவர்களின் எடை குறையவுமில்லை. ஆகவே மனிதனின் பருமனுக்குப் பற்றீரியாவே குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்க்க முடியாது. உடந்தையாக இருக்கலாம் என்பதற்கே சான்று உண்டு.

இரண்டாவது விசாரணை: அழற்சி

குடல் அழற்சியில் சாட்சியம் இன்னும் நெருக்கமானது. 2008 இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர், பியூற்றிரேற்று உண்டாக்கும் பீக்கலிபற்றீரியம் பிரவுஸ்னிற்சி என்னும் இனம் குறோன் நோயாளரின் குடலில் குறைந்திருப்பதையும், சத்திரசிகிச்சை செய்தபோது அது குறைவாக இருந்தவர்களுக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் கூடுதலாகத் திரும்பியதையும் கண்டனர். இங்கும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. குடி குறைந்ததால் நோய் வந்ததா? நோய் வந்ததால் குடி குறைந்ததா? எரிந்த வீட்டில் ஆளில்லை என்பதைக் கொண்டு, ஆளில்லாமையாலேதான் தீப்பிடித்தது என்று சொல்லிவிட முடியாதன்றோ?

பருமனும் அழற்சியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. குறோன் நோயாளரின் வயிற்றைத் திறக்கும் சத்திரவைத்தியர்கள், புண்பட்ட குடலைச் சுற்றிக் கொழுப்புப் படர்ந்து மூடியிருப்பதை நெடுங்காலமாகவே கண்டு வந்துள்ளனர். அது ஏன் படர்கின்றது என்பது விளங்காமல் இருந்தது. 2020 இல் கலிபோர்னியா ஆய்வாளர், குடலிலிருந்து உயிருடன் வெளியேறிய பற்றீரியாக்கள் அக்கொழுப்பினுள் இருப்பதைக் கண்டனர். அவற்றுள் கிளொஸ்றிடியம் இன்னொகுவம் என்னும் இனம் முதன்மையானது. வேலி தாண்டிய குடிகள் உடலெங்கும் பரவாமல் தடுக்கக் கொழுப்பு அணைபோலத் திரள்கின்றது என்பது அவர்கள் கூறும் விளக்கம். ஆனால் காலப்போக்கில் அந்த அணையே தழும்பேறிக் குடலை நெரிக்கவும் கூடும். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் பாரம் அன்று. அழற்சியோடு உறவாடும் உயிருள்ள பொருள் என்பது இதனால் தெளிவாகின்றது.

வேலியை அரிப்பது எது?

2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் நடந்த ஆய்வே இரு விசாரணைகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. எண்ணெயும் நீரும் பிரியாமல் இருப்பதற்காக ஐஸ்கிறீம் முதலிய ஆலை உணவுகளிற் சேர்க்கப்படும் பொருள்கள் சில உண்டு. அவற்றுள் இரண்டை எலிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்தார்கள். பொலிசோபேற்று 80 ஒன்று. காபொக்சிமீதைல் செலுலோசு மற்றது. பற்றீரியாக்கள் சளிப்படையைத் துளைத்துச் சுவரை நெருங்கின. சாதாரண எலிகள் மெல்லிய அழற்சியோடு கொழுத்தன. பிறப்பிலேயே குடல் அழற்சிக்கு ஏதுவான எலிகளிலோ கடும் அழற்சி மூண்டது. நுண்ணுயிர் அற்ற எலிகளுக்கு இக்கேடு நேரவில்லை. ஒரே பொருள், ஒரே வழி, உடலின் இயல்புக்கு ஏற்ப இரு வேறு நோய்கள்! அடுத்த ஆண்டில் வேறொரு குழுவினர், எலியின் தீனியிலிருந்து நாரை நீக்கிப் பார்த்தனர். இரையற்ற பற்றீரியாக்கள் சளிப்படையையே தின்னத் தொடங்கின. குடிகளுக்குச் சோறு போடாவிட்டால் அவர்கள் வேலியைத்தானே பிடுங்கித் தின்பார்கள்?

மனிதரில் சான்று சிறிது. 2022 இல் வெளியான பரிசோதனையில் 16 பேரை 11 நாட்கள் வைத்திருந்து, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் காபொக்சிமீதைல் செலுலோசு கொடுத்தனர். அவர்களின் குடற் குடிகளின் வகை குறைந்தது. நன்மை தரும் அமிலப் பொருள்களும் குறைந்தன. இருவரிடத்தில் பற்றீரியா சளிப்படைக்குள் புகுந்திருந்தது. கொடுத்த அளவு பெரிது, ஆட்தொகை சிறிது. தண்டனை விதிக்க இது போதாது. ஆனால் விசாரணைக்கு அழைப்பாணை விடுக்கத் தாராளமாகப் போதும்.

நாடு பெயர்ந்தோர் கதை

இனி நம் நெஞ்சைத் தொடும் சாட்சியத்துக்கு வருகின்றேன். லாவோசிலிருந்து வந்த மொங் மக்களும் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களும் போரினால் விரட்டப்பட்டுத் தாய்லாந்து வழியாக அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறியவர்கள். 500 பேருக்கு மேற்பட்டவர்களின் குடற் பற்றீரியாக்களை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்கள். அமெரிக்க மண்ணில் கால்வைத்த சில மாதங்களுக்குள்ளேயே அவர்களின் சொந்தக் குடிகள் அழியத் தொடங்கின. தாவர நாரை உடைக்கும் திறனும் அவற்றோடு போயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல இழப்புக் கூடியது. பருத்தவர்களில் அது மேலும் கூடியது. அங்கே பிறந்த பிள்ளைகளில் இன்னும் கூடியது. உணவு மாற்றம் ஒன்றினால் மட்டும் அவ்வளவையும் விளக்க முடியவில்லை என்பதையும் ஆய்வாளர் சொல்லியிருக்கின்றார்கள்.

வீட்டையும் வயலையும் இழந்தவர்கள், தாம் அறியாமலே தம் வயிற்றில் இருந்த குடிகளையும் இழந்தார்கள். இதனைக் கேட்கும்போது கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர்களை நினையாதிருக்க முடியுமா? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு, குடிபெயர்ந்து வந்தவர்களுக்குக் குடல் அழற்சி குறைவென்றும், தென்னாசியாவிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது அந்நாட்டார் பிள்ளைகளுக்குச் சமமாகவே வருகின்றதென்றும் காட்டியது. ஒரு தலைமுறைக்குள் இரத்தம் மாறுவதில்லை. மாறியவை வாழ்வும் உணவும் சூழலுமே.

ஆனால் இதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. குரக்கன் கூழும் ஒடியல் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும் இருந்த வீட்டிலே வெள்ளைப் பாணும் விசுக்கோத்தும் சோடாவும் புகுந்தால், நாம் இருந்த இடத்திலிருந்தே குடிபெயர்ந்தவர்கள் ஆவோம்.

என்ன செய்யலாம்?

முதலில் எச்சரிக்கை. பற்றீரியாவை மாற்றி எந்த நோயையும் தீர்ப்போம் என்று மாத்திரை விற்போர் இன்று பெருகிவிட்டனர். நல்ல மனிதரின் மலத்திலுள்ள குடிகளை நோயாளிக்கு மாற்றும் சிகிச்சை, மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் ஒருவகைத் தொற்று வயிற்றோட்டத்தில் வெற்றி கண்டது உண்மை. நெதர்லாந்தில் 2013 இல் 16 பேருள் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். பெருங்குடற் புண்ணழற்சியில் 2015 ஆம் ஆண்டின் கனடா நாட்டுப் பரிசோதனையில் அது 100க்கு 24 பேருக்கே பலித்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களிலோ 100க்கு 5. நம்பிக்கை உண்டு, முடிந்த முடிபு இல்லை. குடல் அழற்சி உள்ளவர் எவரும் என் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தலாகாது. குடல் ஒடுங்கிய நோயாளிக்கு நார் மிகுந்த உணவு அடைப்பையே உண்டாக்கக்கூடும். அவர் தம் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

உழவர் பெருமக்களே! குரக்கனும் பயறும் கௌபியும் உழுந்தும் விளைவிப்பது பழமைப் பித்து அன்று. சணலை உழுது புதைத்து மண்ணின் நுண்ணுயிர்க்கு உணவூட்டும் உங்களுக்கு, குடலின் நுண்ணுயிர்க்கும் உணவு வேண்டும் என்பதை வேறெவரும் கற்பிக்கத் தேவையில்லை. மிருக வைத்தியர் சொல்லாமல் கோழிக்கும் மாட்டுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடாதீர்கள். தாய்மார்களே! தடிமனுக்கும் சளிக்கும் வைத்தியர் எழுதித் தராத அம்மருந்தைப் பிள்ளைக்குக் கடையில் வாங்கிக் கொடாதீர்கள். மெய்யாகவே தேவைப்படும்போது அது உயிர்காக்கும் மருந்து. அப்போது தயங்கவும் வேண்டாம்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவையும் உள. 2016 ஆம் ஆண்டில் இந்நாட்டில் பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறை வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் பொதிகளில் 433 என்றும் 466 என்றும் பொடி எழுத்தில் அச்சிடப்படும் இலக்கங்கள், நான் முன்னர் கூறிய அந்த இரு பொருள்களே என்பதை எந்தத் தாய் அறிவாள்? மக்கள் வாசிக்கும் மொழியிலே, மக்களுக்கு விளங்கும் சொல்லிலே அவை எழுதப்படல் வேண்டும். சிறுதானியத்துக்கும் பருப்பு வகைக்கும் உறுதியான விலை வேண்டும். பள்ளி உணவிலே அவற்றுக்கு இடம் வேண்டும். நம் மக்களின் குடற் குடிகள் முற்றாக மாறிப்போவதற்கு முன் அவற்றை ஆராய்ந்து பதிந்து வைக்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பருத்தவரைக் கண்டால் பெருந்தீனிக்காரர் என்று நகைப்பதும், குடல் நோயாளியைக் கண்டால் வாயைக் கட்டாதவர் என்று ஏசுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். நான் எடுத்துரைத்த சாட்சியங்களுள் எதுவும் அந்த ஏச்சுக்கு ஆதாரமாகாது. மலிவான உணவை ஆலை தீர்மானிக்கின்றது. ஆலையை அரசு அனுமதிக்கின்றது. அதனை உண்பவன் தலையில் மட்டும் பழி விழுகின்றது. குற்றப்பத்திரம் தவறான ஆளின் பெயருக்கு எழுதப்பட்டிருக்கின்றது. அதனைத் திருத்தி எழுதுவிக்கும் பொறுப்பு, வாக்குச் சீட்டும் ஏரும் எழுதுகோலும் கையில் உள்ள உங்களைச் சார்ந்தது.